பீட்டர் ஸ்டீலை நான்கரை நிமிடத்தில் அடைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், 'டைப் ஓ நெகடிவ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான பீட்டர் ஸ்டீல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோதிக் மெட்டல் என்ற இருண்ட, கனத்த ராக் இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். அதைக் குறை சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டிப் போட்ட 'கேட்டே ஆக வேண்டிய 10 பாடல்கள்' பட்டியல்தான் பிரச்சினை. அதில் பாடல்களுக்கு எதிரே போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். 'பிளாக் நம்பர் ஒன்' பாட்டு 'பிளடி கிஸ்ஸஸ்' ஆல்பத்தில் 11 நிமிடம் 11 விநாடி ஓடுகிறது. தங்கள் பட்டியலில் நான்கரை நிமிடம். 'கிறிஸ்டியன் வுமன்' ஒன்பது நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அதையும் பாதியாக்கியிருக்கிறார்கள். இவை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வெட்டிக் கொடுத்த சுருக்கங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் இவையும் கிடைப்பதால் அதிகம் கேட்கப்பட்டவை என்று மேலே வந்து நிற்கும். அவற்றைக் கேட்டுவிட்டு 'இதில் அப்படி என்ன இருக்கிறது' என்று ஒரு வாசகர் கேட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

'பிளாக் நம்பர் ஒன்' என்பது தலைமயிர்ச் சாயத்தின் எண். வெளுத்த முகம், சாயம் போட்ட கூந்தல் என்று திரியும் ஒரு பெண்ணைக் கேலி செய்யும் பாட்டு அது. கோதிக் ரசிகர்கள் தங்களைக் கிண்டல் செய்யும் அந்தப் பாட்டையே தங்கள் கீதமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. தொடக்கத்தில் பேஸ் கிட்டார் தனியாக பாட்டின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டை, வாசிக்கும். பிறகுதான் மற்றவர்கள் சேர்கிறார்கள். கேலியெல்லாம் முதல் பாதியில். பின்பாதியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கீபோர்டும் பின்குரல்களும் அதன்மேல் ஏறிக்கொண்டே போகின்றன. அதே கேலி அங்கே துக்கமாகத் திரும்பும். கத்தரி விழுவது பெரும்பாலும் இங்கேதான். மிஞ்சுவது கேலி மட்டும். 'கிறிஸ்டியன் வுமன்' கதையும் இதுதான். அது மூன்று உட்பகுதிகளாக எழுதப்பட்ட பாடல். சுருக்கத்தைக் கேட்டவருக்கு மூன்று பகுதிகள் இருந்ததே தெரியாது.

ஸ்டீலின் தொடக்க காலத்தைக் கட்டுரை இரண்டு வரியில் தாண்டிவிட்டது. 1962 ஜனவரி 4 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து அக்காக்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி. இயற்பெயர் பெட்ரஸ் தாமஸ் ரடாய்சிக். உயரம் 6 அடி 8 அங்குலம். 1979இல் பள்ளி நண்பர் ஜாஷ் சில்வருடன் 'ஃபால்அவுட்', 1982இல் 'கார்னிவோர்'. கார்னிவோர் 1985இலும் 1987இலும் இரண்டு ஆல்பங்கள் போட்டது. த்ராஷ் மெட்டலும் ஹார்ட்கோர் பங்க் இசையும் கலந்த முரட்டு வேகம். வரிகளில் வம்புக்கு இழுப்பதே நோக்கம். இன்றைக்குக் கேட்டால் முகம் சுளிக்க வைக்கும் இடங்கள் நிறைய. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை, தொடங்குபவர்கள் அங்கே தொடங்க வேண்டியதும் இல்லை. இடையில் நியூயார்க் நகரப் பூங்காத் துறையில் அவருக்கு வேலை. குப்பை லாரி ஓட்டியிருக்கிறார். குழு ஓரளவு பெயர் வாங்கிய பிறகும் அந்த வேலையை உடனே விடவில்லை. 'அக்டோபர் ரஸ்ட்' ஆல்பத்தின் 'கிரீன் மேன்' பாட்டுக்குள் அந்தப் பூங்காக்கள் இருக்கின்றன.

1989இல் ஸ்டீல், சில்வர், கிட்டார் கென்னி ஹிக்கி, டிரம்ஸ் சால் அப்ரஸ்காடோ ஆகிய நால்வரும் சேர்ந்து தொடங்கிய குழுதான் வேறு பெயர்களைத் தாண்டி 'டைப் ஓ நெகடிவ்' ஆனது. முதல் ஆல்பம் 'ஸ்லோ, டீப் அண்ட் ஹார்ட்' (1991), ரோட்ரன்னர் வெளியீடு. அதில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் வெறும் மௌனமே ஒரு பாட்டு. இன்னொரு பாட்டின் வரிகளை வைத்து ஐரோப்பாவில் ஸ்டீலை நாஜி என்று சொல்லிப் போராட்டம் நடந்தது, கச்சேரிகள் ரத்தாயின. குழுவின் கீபோர்டு கலைஞரும் தயாரிப்பாளருமான சில்வர் யூதர். பிறகு 'பிளடி கிஸ்ஸஸ்' ஆல்பத்தில் 'வீ ஹேட் எவ்ரிஒன்' என்று எல்லோரையும் சேர்த்துத் திட்டிப் பதில் சொன்னார்கள். எனக்கு அது நல்ல பதிலாகப் படவில்லை. கேள்வி நியாயமானது, பதில் கோபத்தில் வந்தது.

1992இல் வந்த 'தி ஆரிஜின் ஆஃப் தி ஃபீசஸ்' நேரடிக் கச்சேரிப் பதிவு என்று தங்கள் கட்டுரை சொல்கிறது. இல்லை. ஸ்டுடியோவில் பதிவு செய்து, கூட்டத்தின் கூச்சலையும் வசவையும் குண்டு மிரட்டலையும்கூட ஒட்டிச் சேர்த்த போலிக் கச்சேரி அது. 'பிரைட்டன் பீச்சில் நேரடியாக அல்ல' என்று துணைத்தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் அட்டைப்படத்தை நாளிதழில் விவரிக்க முடியாது. 1994 மறுபதிப்பில் அதை மாற்றினார்கள், பிளாக் சப்பாத் என்ற பழைய மெட்டல் குழுவின் 'பேரனாய்ட்' பாட்டை இழுத்து மெதுவாக்கிக் கடைசியில் சேர்த்தார்கள்.

இனி 'பிளடி கிஸ்ஸஸ்' (1993 ஆகஸ்ட்). ரோட்ரன்னர் நிறுவனத்துக்கு முதல் தங்க விருதையும், 2000இல் அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிக்கான பிளாட்டினத்தையும் வாங்கித் தந்தது இதுதான். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: இதற்கு இரண்டு உருவங்கள். மூலப் பதிப்பில் 14 தடங்கள். முதலில் 'மெஷின் ஸ்க்ரூ' என்ற குட்டி ஒலித்துணுக்கு, நடுவே அது போன்ற துணுக்குகள், இரண்டு வேகமான ஹார்ட்கோர் பாட்டுகள். 1994இல் வந்த அட்டைப்பெட்டிப் பதிப்பில் 9 தடங்கள்தான். துணுக்குகளும் வேகப் பாட்டுகளும் போய்விட்டன, வரிசை மாறிவிட்டது, 'சஸ்பென்டட் இன் டஸ்க்' என்ற ரத்தக்காட்டேரிப் பாட்டு கூடுதலாக வந்தது. போட்டவுடன் நேராக 'கிறிஸ்டியன் வுமன்' ஆரம்பித்தால் கையில் இருப்பது இரண்டாவது பதிப்பு. அதுதான் சீரானது என்று பலரும் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் இழவு வீட்டில் நடுவே சிரித்துவிடுவது ஸ்டீலின் பழக்கம், மூலப் பதிப்பில்தான் அது தெரிகிறது. முதலில் 14 தடத்தைக் கேளுங்கள், 'சஸ்பென்டட் இன் டஸ்க்' பாட்டைத் தனியாகத் தேடிக்கொள்ளலாம். அப்ரஸ்காடோ இந்த ஆல்பத்தோடு விலகினார், ஜானி கெல்லி வந்தார்.

'அக்டோபர் ரஸ்ட்' (1996) வாங்கிய சிலர் சிடி பழுது என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. முதல் தடம் 'பேட் கிரவுண்ட்'. 38 விநாடிக்கு வெறும் மின் இரைச்சல், எர்த்திங் சரியில்லாத ஆம்பிளிஃபயர் போடுகிற அதே 'ம்ம்ம்'. கேட்பவர் எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பதே திட்டம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்தக் குழு ட்யூன் செய்த கிட்டாரின் அடிக்கம்பி 61.7 ஹெர்ட்ஸ். வேண்டுமென்றே செய்தார்களோ இல்லையோ, இரைச்சலே கிட்டத்தட்ட சுருதியில் நிற்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே உண்மையான எர்த்திங் கோளாறு இருந்தால் அது சற்றுக் கீழே, வேறு சுருதியில் ஒலிக்கும். 38 விநாடி தாண்டியும் இரைச்சல் நிற்கவில்லையா, அது ஸ்டீலின் வேலை அல்ல, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விளையாட்டு முடிந்ததும் வருவது 'லவ் யூ டு டெத்'. குழுவின் ஆகச் சிறந்த ஒலிப்பதிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பியானோவில் தொடங்கி ஏழு நிமிடம். ஸ்டீலின் குரல் மந்திர ஸ்தாயியிலேயே உட்கார்ந்திருக்கும், அவசரமே படாது. இந்த ஆல்பத்தின் டிரம்ஸ் இயந்திரத்தில் நிரல்படுத்தியது. கெல்லியின் பெயர் உறையில் இருந்தாலும் அவர் வாசிக்கவில்லை. மனிதக் கைக்குரிய சிறு தடுமாற்றம் தாளத்தில் இல்லாததால்தான் கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்த அந்த அடர்த்தி மேலும் மூட்டமாகத் தோன்றுகிறது. அதைக் குறை என்பவர்கள் உண்டு. இந்த ஆல்பத்துக்கு அது பொருந்துகிறது. கடைசிப் பாட்டு 'ஹான்டட்' 10 நிமிடம், இரவில் ஹெட்போனில் கேட்க வேண்டியது.

இந்த ஒலி எப்படி வருகிறது என்பதைக் கட்டுரை 'இருண்ட இசை' என்று சொல்லி முடித்துவிட்டது. கிட்டார் வாசிக்கும் இளைஞர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாக. குழு பெரும்பாலும் எல்லாக் கம்பிகளையும் ஐந்து அரைச்சுரம் இறக்கி ட்யூன் செய்தது. கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து பி, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. பேஸ் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அடிக்கம்பி 30.9 ஹெர்ட்ஸ். வழக்கமான 10–46 செட்டை (எண்கள் கம்பியின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்) அப்படியே தளர்த்தினால் இழுவிசை ஏறத்தாழ 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கம்பி தொளதொளக்கும், ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும், அழுத்தி மீட்டினால் சுருதி ஏறி இறங்கும். பழைய இழுவிசை வேண்டுமென்றால் கம்பியின் விட்டம் சுமார் 1.33 மடங்காக வேண்டும், அதாவது 46க்குப் பதில் 60 முதல் 62. '12–62' அல்லது '13–62' என்று விற்கும் செட் போதும். மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக இருக்கட்டும். பேஸுக்கு ஐந்து கம்பி செட் வாங்கி, மெல்லிய ஜி கம்பியை விட்டுவிட்டு 130, 105, 85, 65 மட்டும் மாட்டலாம்.

மாட்டியதும் வரும் சிக்கல்கள் மூன்று. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் நட்டின் பள்ளம் மெல்லிய கம்பிக்கு வெட்டியது, தடித்த கம்பி அதில் சிக்கிக்கொண்டு ட்யூனிங் நிற்காது. ரம்பம் போட்டு ஆழமாக்கிவிடாதீர்கள், அகலத்தை மட்டும் கம்பியின் விட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். கை பழகாதவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது. இரண்டாவது, 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி கூடுதலாக வரும், பாலத்தில் (பிரிட்ஜில்) கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ள இடமே இல்லை என்றால் கம்பி அந்தக் கருவிக்கு மிகத் தடிப்பு. மூன்றாவது, மெல்லிய செட்டிலேயே இறக்கி வாசிப்பேன் என்பவர்களுக்கு: இழுவிசை குறைந்ததால் கழுத்து பின்னோக்கி வளையும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்தி, சில மணி நேரம் விட்டு மீண்டும் பாருங்கள். ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பினால் கருவி போய்விடும்.

ஸ்டீலின் பேஸ் டிஸ்டார்ஷனும் (ஒலியைக் கரகரப்பாக்குவது) கோரஸும் (ஒரே ஒலியைப் பலவாகக் கேட்கச் செய்வது) ஏற்றியது. அடியில் கிடந்து ஹிக்கியின் கிட்டாருக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காது, சில இடங்களில் கார்டுகளையே வாசிக்கும். இதைப் பின்பற்றுபவர்கள் செய்யும் தவறு டிஸ்டார்ஷனை மொத்த ஒலிக்கும் போடுவது. போட்டவுடன் அடி ஒலி மெலிந்துவிடும். சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாக விட்டு, மற்றொன்றில் மட்டும் டிஸ்டார்ஷன் ஏற்றிக் கலக்குவது பாதுகாப்பான வழி. கோரஸின் வேகத்தைக் குறைவாக வையுங்கள், கூட்டினால் ஒலி குமட்டும்.

பாடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீழ்ச் சுரத்தைத் தொண்டையை அழுத்தி எடுக்கப் பார்த்தால் உறுமல்தான் வரும். ஸ்டீலுக்கு இயல்பிலேயே தாழ்ந்த சாரீரம். அவர் அங்கே சத்தத்தைக் கூட்டுவதில்லை. முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கில் வாயை 3 முதல் 5 செ.மீ. அருகே வைத்து மெதுவாகப் பாடினால் மைக்கே அடி அலைவரிசைகளைத் தூக்கிக் காட்டும். தலையைப் பின்னுக்கு இழுத்தால் அந்தக் கனம் உடனே போய்விடும்.

கேட்கும் கருவியும் முக்கியம். கைபேசியின் ஸ்பீக்கரும் சிறிய புளூடூத் டப்பாவும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. 61.7 ஹெர்ட்ஸ் சுரத்தின் 123, 185, 247 ஹெர்ட்ஸ் மேலொலிகளைக் கொண்டுதான் காது அடிச்சுரத்தை ஊகிக்கிறது. டிஸ்டார்ஷன் அந்த மேலொலிகளைப் பெருக்குவதால் மெட்டல் ஓரளவு தப்பிக்கிறது. ஆனால் எடை கிடைக்காது. காதை நன்றாக மூடும் ஒயர் ஹெட்போன் போதும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றாதீர்கள், ஏற்கெனவே அடர்ந்த கலவை அது, குரல் புதைந்துவிடும். எல்பி தேடுபவர்கள் 'வேர்ல்ட் கமிங் டவுன்' போன்ற 70 நிமிடத்தைத் தாண்டும் ஆல்பங்களுக்கு இரட்டைத் தட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கத்தில் 22 நிமிடத்துக்கு மேல் நெருக்கினால் பள்ளங்கள் ஆழமிழந்து முதலில் காணாமல் போவது இந்த அடி ஒலிதான்.

அந்த 'வேர்ல்ட் கமிங் டவுன்' (1999) தங்கள் பட்டியலில் ஒரு பாட்டுகூட இல்லாமல் போனது பெரிய குறை. ஆரம்பத்தில் சிடி மாட்டிக்கொண்டு திக்குவது போல 11 விநாடி ஏமாற்று. அதன் பிறகு சிரிப்பே கிடையாது. 'சைனஸ்', 'லிவர்', 'லங்' என்று மூன்று ஒலிச்சித்திரங்கள் பாடல்களுக்கிடையே வரும். கோகைன், சாராயம், புகை ஆகிய மூன்றும் ஆளை எப்படி முடிக்கின்றன என்பதை ஒரு சொல் பாடாமல் காட்டுபவை. 'சைனஸ்' ஒரு நிமிடம்கூட இல்லை. இழுக்கும் சத்தம், அதன்பின் வேகமெடுக்கும் இதயத்துடிப்பு, அவ்வளவுதான். வரிசையாகக் கேட்டால் மட்டுமே இவை வேலை செய்யும், கலைத்துப் போட்டுக் கேட்டால் வெறும் சத்தம். உறவினர்களின் சாவும் சொந்தப் போதையும் ஸ்டீலை நெருக்கிய காலம் அது. தலைப்புப் பாடல் 11 நிமிடம். உடம்பு சரியில்லாத நாளில் இந்த ஆல்பத்தைப் போட வேண்டாம்.

'லைஃப் இஸ் கில்லிங் மீ' (2003) ஏற்றத்தாழ்வானது, கேலிப் பாட்டுகளில் பாதி தேறாது. ஆனால் அம்மாவைப் பற்றிய 'நெட்டி', அதோடு 'அனஸ்தீசியா' இரண்டையும் விட முடியாது. 'டெட் அகெய்ன்' (2007) எஸ்பிவி நிறுவனத்துக்காகச் செய்தது, அமெரிக்கப் பட்டியலில் 27ஆம் இடத்தில் நுழைந்தது. கெல்லி கடைசியில் உண்மையாகவே டிரம்ஸ் வாசித்த ஆல்பம் இது, காற்றோட்டம் உடனே தெரியும். கார்னிவோரின் வேகம் திரும்பி வரும், 'தீஸ் த்ரீ திங்ஸ்' 14 நிமிடம் நகரும்.

ஸ்டீல் மாரடைப்பால் இறந்தார் என்று கட்டுரை சொல்கிறது. 2010 ஏப்ரல் 14 அன்று, 48 வயதில், பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் அவர் இறந்தபோது முதலில் வந்த செய்தி இதயச் செயலிழப்பு என்பதுதான். பின்னர் தெளிவானது வேறு: பெருங்குடலில் ஏற்பட்ட அழற்சி முற்றி ரத்தத்தில் நச்சு பரவியது, அதாவது செப்சிஸ். முதல் நாள் செய்தியைப் பலர் நம்பவே இல்லை. 2005இல் குழுவின் இணையதளத்தில் '1962–2005' என்று அவருடைய கல்லறைப் படத்தைப் போட்டு அவர்களே விளையாடியிருந்தார்கள். 2010 முடிவதற்குள் மற்ற மூவரும் குழுவைக் கலைத்தார்கள்.

பட்டியலைத் திருத்தி வெளியிடுவதாக இருந்தால் பாடல்களை விட்டுவிட்டு மூன்று ஆல்பங்களை மட்டும் போடுங்கள்: முதலில் 'அக்டோபர் ரஸ்ட்', அடுத்து 'பிளடி கிஸ்ஸஸ்' 14 தடப் பதிப்பு, பிறகு 'வேர்ல்ட் கமிங் டவுன்'. 'தி லீஸ்ட் வொர்ஸ்ட் ஆஃப்' (2000) என்ற தொகுப்பு அரிதான பாட்டுகளுக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலும் சுருக்கங்கள் இருப்பதால் அறிமுகத்துக்கு ஆகாது. மேடையில் அவரைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு 'சிம்ஃபனி ஃபார் தி டெவில்' டிவிடி இருக்கிறது, 1999இல் ஜெர்மனியில் நடந்த பிசார் விழாக் கச்சேரி. பெயர்களுக்கு எதிரே ஆல்பத்தில் உள்ள முழு நேரத்தையும் அச்சிட்டால், சுருக்கம் கையில் வந்தால் வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.